அடிப்பலகை

ஜூலை 15, திங்கள்

இந்த டயரி தொலைந்து யார் கையிலாவது கிடைத்தால்: என் பெயர் நாகஜோதி, உடற்கல்விப் பட்டப்படிப்பு முதலாமாண்டு. படிக்காமல் கொண்டுவந்து கொடுக்கவும். படித்துவிட்டால் கொண்டுவர வேண்டாம்.

எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வீட்டில் வாயைத் திறந்தால் சண்டையாகிறது, அதனால் எழுதுகிறேன். வீடு என்றால் விளாங்குடியில் ஒரு அறை, ஒரு அடுப்படி, அம்மா, நான். அம்மா பெயர் ஒச்சம்மாள். கட்டட வேலையில் சித்தாள். கொத்தனாருக்குச் சாந்தும் செங்கலும் சுமந்து கொடுப்பாள். அப்பா நான் ஏழாவது படிக்கும்போது மஞ்சள்காமாலையில் போய்விட்டார்.

பள்ளியில் பளு தூக்கி மாநில அளவில் பதக்கம் வாங்கியதால் இந்த இடம் கிடைத்தது. சேர்க்கைக்குக் கையெழுத்துப் போடும்போது அம்மா ஒரு நிபந்தனை போட்டாள்.

"படி. பி.டி. டீச்சர் ஆகு. ஆனா அந்தக் கம்பிய இனிமே தொடக் கூடாது."

"கம்பியத் தொட்டதுனாலதானம்மா சீட்டே குடுத்தாங்க."

"அதான் குடுத்தாச்சுல்ல? இனி எதுக்கு?"

சரி என்று வாயால் சொன்னேன். தலையை ஆட்டவில்லை.

முதல் பாடவேளை 'உடலியக்கவியல் அறிமுகம்'. அருள்தாஸ் சார் எடுக்கிறார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கூச்ச சுபாவம், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். "நடக்குறது, ஓடுறது, தூக்குறது, விழுறது, இதெல்லாம் எப்படி நடக்குதுன்னு படிக்கப் போறோம்" என்றார். விழுவதற்கும் படிக்க வேண்டுமா என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். சார் கரும்பலகையைப் பார்த்தே சிரித்தார்.

ஜூலை 16, செவ்வாய்

கம்பியைத் தொட்டேன். தூக்கவும் செய்தேன். வீட்டுக்கு வருமுன் நகக்கண்ணில் ஒட்டியிருந்த, பிடி வழுக்காமல் பூசும் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக் கழுவினேன்.

ஜூலை 22, திங்கள்

உடம்பின் எடை மையம் பற்றிய பாடம். சார் ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டார். சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்று, குனிந்து, தலை சுவரில் முட்டியபடி நாற்காலியை மார்போடு தூக்கிக்கொண்டு நிமிர வேண்டும். கபடிக்காரன், நீளம் தாண்டுகிறவன், கைப்பந்துக்காரன் என்று வரிசையாக வந்தார்கள். ஒருவனாலும் நிமிர முடியவில்லை. தலை சுவரில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றார்கள். அப்புறம் என் தோழி சபுரா போனாள். தடை தாண்டி ஓடுகிறவள், ஊதினால் பறந்துவிடுவாள். நாற்காலியோடு நிமிர்ந்து நின்று, "இதுல என்னடா கஷ்டம்?" என்றாள்.

பெண்களுக்கு எடை மையம் கொஞ்சம் கீழே, இடுப்பருகே இருக்கிறது, பாதமும் சிறியது, அதனால் முடிகிறது என்று சார் விளக்கினார். பையன்கள் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே!

வந்ததும் அம்மாவிடம் சொல்லிக் காட்டினேன். சிரித்தாள். சிரிக்கும்போது ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொள்வது அவள் வழக்கம்.

"நீ ஒரு தடவை செஞ்சு காட்டும்மா. நீ செங்கலையே தூக்குறவ."

"குனிஞ்சு நிமிர்றது எனக்கென்ன வெளையாட்டா? போடி அங்கிட்டு."

சட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். விளையாட்டுக்குச் சொன்னதற்கு இவ்வளவு கோபமா?

தண்ணீர் பிடிக்கப் போனால் குடத்தைப் பாதிதான் நிரப்புகிறாள். என்னையும் அரைக்குடம்தான் தூக்கச் சொல்கிறாள். வேலையில் மட்டும் நாள் முழுக்கச் சாந்தைச் சட்டி சட்டியாகச் சுமப்பாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மொக்கத்தாய் அத்தை செக்கானூரணியிலிருந்து வந்தாள். அப்பாவின் அக்கா. ஒரு மாப்பிள்ளை இருக்கிறதாம். மின்வாரியத்தில் ஒப்பந்த வேலை, ஒரே பையன், சொந்த வீடு.

"எனக்குப் பத்தொம்பது வயசுதான் அத்தை. படிக்கிறேன்."

"படி, யாரு வேணாம்னா? நிச்சயம் பண்ணி வெப்போம். ஆனா அந்தப் பாரந் தூக்குறத மட்டும் அவுங்க காதுல போடாத. பாரந் தூக்குற புள்ளைக்குக் கர்ப்பப்பை கீழ எறங்கிரும்னு ஊருக்கே தெரியும். அப்புறம் எவன் கட்டுவான்?"

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. அத்தையை விடு, அம்மா ஏன் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை? அதுதான் எரிச்சல். நான் இன்னும் தூக்குகிறேன் என்று அங்கேயே போட்டு உடைத்தேன். கல்லூரிக்குப் போன மறுநாளே தூக்கினேன், தினமும் தூக்குகிறேன், அக்டோபரில் போட்டி இருக்கிறது, போகப் போகிறேன்.

அம்மா கீரையை வைத்துவிட்டு, "எங்கிட்ட சரின்னியே" என்றாள்.

"சரின்னு சொன்னேன். தூக்க மாட்டேன்னு சொல்லல."

"வேணாம் ஜோதி. சொன்னாக் கேளு. அது நல்லதுக்கில்ல."

"ஏன்? நீ தூக்காத பாரமா? நாலு மாடி ஏறி இருவது வருஷமாச் சட்டி சுமக்குற. ஒனக்கு என்ன எறங்கிருச்சு?"

அத்தை, "பேச்சப் பாரு, பெத்தவகிட்ட" என்று வாயில் கையை வைத்தாள். அம்மா கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பதில் இருந்தால்தானே சொல்வாள்!

ஆகஸ்ட் 5, திங்கள்

அம்மா பேசவில்லை. ஆனால் டிபன் பாக்ஸில் இரண்டு முட்டை இருந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

இன்று வகுப்பில் சண்டை போட்டேன். சண்டை என்று சார் சொல்லமாட்டார், சபுரா சொல்கிறாள்.

பளு தூக்கும்போது மூச்சை இழுத்து அடைக்கிறோமே, அது ஏன் என்பது பாடம். நடு உடம்பை ஒரு பெட்டி மாதிரி நினைத்துக்கொள்ளச் சொன்னார். மூடி உதரவிதானம். சுற்றுப் பலகை வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும். மூச்சை இழுத்து அடைத்ததும் பெட்டிக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம்தான் முதுகெலும்பைத் தாங்குகிறது. இவ்வளவும் படம் போட்டுச் சொன்னவர், "அடுத்த பக்கத்துக்குப் போவோம்" என்று புத்தகத்தைப் புரட்டினார். நான் எழுந்தேன்.

"சார், ஒரு பக்கம் விட்டுட்டீங்க."

"அது... அதைப் படிச்சுக்கோங்க. பரீட்சைக்கு அவ்வளவா வராது."

"மூடி சொன்னீங்க, சுத்துப் பலகை சொன்னீங்க. அடிப்பலகை எங்க சார்? அடியில்லாத பெட்டியா?"

பின்வரிசையில் சிரிப்பு. ஒருவன் என்னவோ முணுமுணுத்தான், அதற்கு இன்னும் பலத்த சிரிப்பு. சாருக்குக் காது சிவந்துவிட்டது.

"பொண்ணுங்களுக்குத் தனியா ஒரு மேடத்த வரச்சொல்லி எடுக்கச் சொல்றேன்மா."

"பசங்களுக்கு அடிப்பலகை இல்லையா சார்?"

சிரிப்பு நின்றுவிட்டது. சார் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போனார். இடைநீக்கம்தான், அம்மாவைக் கூட்டி வரச் சொல்வார்கள் என்று சபுரா பயந்தாள். வரட்டுமே. தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. புத்தகத்தில் இருக்கிற பக்கத்தைத்தான் கேட்டேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சார் வந்தார். "நேத்து நான் விட்ட பக்கம்" என்று ஆரம்பித்தார். இன்று கரும்பலகையைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்துப் பேசினார். ராத்திரி தன் மனைவியிடம் சொன்னாராம், அவர் திட்டினாராம். இதையும் சொன்னார். பையன்கள் சிரிக்கவில்லை.

இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்னாலிருந்து பின்னால் வரை, தூளி கட்டின மாதிரி தசைகள் இருக்கின்றன. ஆண், பெண் இருவருக்கும். இடுப்புத் தளத் தசைகள். சிறுநீர்ப்பை, குடல், பெண்ணுக்குக் கர்ப்பப்பை, எல்லாவற்றுக்கும் கீழிருந்து தாங்கல் அதுதான். பிள்ளை பெறும்போது அந்தத் தூளி இழுபட்டுத் தளர்ந்துபோகும். திரும்ப இறுக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கனமான வேலை செய்தால், ஓயாத இருமல் இருந்தால், மேலே இருக்கிறது கீழே சரிந்து வரும். கர்ப்பப்பை இறக்கம் என்பது அதுதான்.

நான் கேட்டேன். "அப்ப கல்யாணம் ஆகாத பொண்ணு முறையாப் பழகித் தூக்குனா?"

"யாருக்குமே வராதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா மூச்சும் பிடிப்பும் தெரிஞ்சு, கொஞ்சங் கொஞ்சமா எடை ஏத்தித் தூக்குற இளம் உடம்ப நெனச்சு இவ்வளவு பயப்பட வேண்டியதில்ல. பச்சை உடம்போட சுமக்குறவங்களுக்குத்தான் பயப்படணும்."

வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொண்டேன். அத்தைக்கு எதிரான சாட்சி.

சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்து கால் கழுவுவதற்குள் முழுவதையும் ஒப்பித்தேன். தூளி, பெட்டி, அழுத்தம், எல்லாம். "புள்ள பெத்த பச்சை ஒடம்போட சுமந்தாத்தான் எறங்குமாம். எனக்கில்ல. அத்தைகிட்ட சொல்லு."

அம்மா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எறங்குனது திரும்ப ஏறுமாமா?"

"அதெல்லாம் நான் கேக்கலம்மா. அது பரீட்சைக்கு வராது."

"ம்" என்றாள். அரிசி களையப் போய்விட்டாள்.

பதினைந்து நாளுக்குப் பிறகு அம்மா என்னிடம் முழு வாக்கியம் பேசியிருக்கிறாள். ஜெயித்தாயிற்று.

செப்டம்பர் 3, செவ்வாய்

செய்முறைப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவர் நடப்பதைக் கவனித்து எழுத வேண்டும். காலடி நீளம், இரண்டு பாதத்துக்கும் நடுவே உள்ள அகலம், கை வீச்சு, உடம்பின் சாய்வு. கவனிக்கப்படுவது அவருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் நடை மாறிவிடும்.

எனக்கு வீட்டில் இருப்பது ஒரே ஒருவர்.

செப்டம்பர் 4, புதன்

அம்மா வேலைக்குக் கிளம்பியதும் பின்னாலேயே போனேன். பேருந்து நிறுத்தம் வரைக்கும், அப்புறம் அவள் கட்டடம் வரைக்கும். எதிர்ப்புறத்துப் பெட்டிக்கடையில் நின்றுகொண்டேன்.

காலடி குட்டை. பாதம் இரண்டும் அகன்று விழுகிறது, ஆனால் தொடை இரண்டும் நெருக்கி இருக்கிறது. வலது கை வீசுகிறது, இடது கை வீசவில்லை, அடிவயிற்றோடு இருக்கிறது. படியேறும்போது பக்கவாட்டில் ஏறுகிறாள். சட்டியைத் தலையில் வாங்குமுன் கால் மாற்றி நின்று, பல்லைக் கடித்து, கண்ணை மூடுகிறாள். இறக்கி வைத்ததும் யாரும் பார்க்காத தூண் மறைவுக்குப் போய் ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக் குந்தி எழுகிறாள். அப்புறம் மறுபடி சட்டி.

பத்தொன்பது வருஷமாகக் கூடவே இருக்கிறேன். அம்மா நடப்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூட்டுத் தேய்மானம் என்று எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

சபுராவும் நானும் எழுதியதை மாற்றிப் படித்தோம். எழுதினதைப் படித்து அதே மாதிரி நடந்து காட்ட வேண்டும், சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்ப்பதற்கு. மரத்தடியில் சபுரா அம்மாவாக நடந்தாள். குட்டைக் காலடி, நெருக்கின தொடை, அடிவயிற்றில் கை. நாலு அடி நடந்தாள், நின்றுவிட்டாள். முகம் மாறிப்போயிற்று.

"ஜோதி, இது மூட்டு இல்லடி."

"பின்ன?"

"நடந்து பாரேன். ஏதோ கீழ விழுந்துருமோன்னு புடிச்சுக்கிட்டு நடக்குற மாதிரியே இருக்குடி."

நானும் நடந்து பார்த்தேன்.

மதியம் சாப்பிடவில்லை. பயிற்சிக்குப் போகவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று முழுக்க எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வீட்டையே கூட்டிக்கொண்டிருந்தேன். இன்று அம்மா துணி துவைத்தாள். அவளுடைய பழைய சேலைத் துண்டுகளை எப்போதும் தனியாகத் துவைத்துத் தனியாகக் காயப்போடுவாள். அதையெல்லாம் நான் வாங்கிப் பிழிந்தேன். பிடுங்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை.

"அன்னைக்கு எறங்குனது ஏறுமான்னு கேட்டியே. யாருக்குக் கேட்ட?"

"சும்மா கேட்டேன்."

"அம்மா, ஒன் நடையப் பாத்தேன். வேலை செய்யுற எடத்துக்கு வந்து பாத்தேன்."

கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீரெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது. அப்புறம் கல்லில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஒருக்களித்துத்தான்.

"ஒன்னயப் பெத்து மாசம் ஆகல. சோலி அப்பத்தான் மும்முரம். ஒங்க அப்பாவுக்கு வேலை இல்ல. ஒங்க அத்தை வந்து, ஊருல புள்ள பெக்காதவளா, எத்தன நாளைக்குப் படுத்தே கெடப்பேன்னா. போனேன். பத்து நாள்லயே கீழ என்னமோ கல்லு தொங்குற மாதிரி இருந்துச்சு. அப்புறம் வெளியவே வந்துருச்சு. காலையில கையால உள்ள தள்ளிவிட்டுட்டு, துணிய வெச்சு இறுக்கிக் கட்டிக்கிட்டுப் போவேன். இருமுனா வந்துரும். சிரிச்சா வந்துரும்."

"அப்பாகிட்ட சொல்லலையா?"

"ஒரு தடவை சொன்னேன். பொம்பள சமாச்சாரம்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. அப்புறம் எதுக்குச் சொல்ல?"

"எங்கிட்ட?"

"ஒங்கிட்டயா? கம்பியத் தொடாதன்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தேனேடி. வேற எப்படிச் சொல்லுவேன்?"

ஆகஸ்ட் 4ஆம் தேதி எழுதினதைத் திரும்பப் படித்தேன். கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

செப்டம்பர் 9, திங்கள்

ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாளாம். ஆம்பளை டாக்டர் இருப்பானாம். இத்தனை வருஷம் இருந்தது, இனியும் இருந்துவிட்டுப் போகட்டுமாம். வேலைக்குப் போகாமல் சோறு யார் போடுவார்களாம்.

நீ வரும்வரை நானும் கல்லூரிக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்துப் படுத்தேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

படுத்தே இருக்கிறேன். அம்மாவும் வேலைக்குப் போகவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு. மதியம் அம்மா, "பசிக்குதா?" என்றாள். "இல்ல" என்றேன். "எனக்குப் பசிக்குதுடி, எந்திரி. நாளைக்குப் போவோம்" என்றாள்.

செப்டம்பர் 11, புதன்

அரசு ஆஸ்பத்திரி. பெண் டாக்டர்தான். அம்மாவைப் படுக்க வைத்து இருமச் சொன்னார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். முழுவதுமாக இறங்கியிருக்கிறது, தோல் உரசிப் புண்ணாகியிருக்கிறது.

அங்கிருந்த நர்ஸ், "பத்தொம்பது வருஷமா? இத்தனை வருஷம் என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்த?" என்று கத்தினார்.

"சோறாக்குனேன்" என்றாள் அம்மா.

டாக்டர் சிரித்துவிட்டார். முதலில் புண் ஆற மருந்து. அதுவரை கர்ப்பப்பை கீழே வராமல் தாங்க உள்ளே ஒரு வளையம் வைப்பார்கள். அப்புறம் ஆபரேஷன். சட்டி சுமப்பது இன்றோடு முடிந்தது என்றார்.

சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்த அம்மா கேட்டாள். "டாக்டரம்மா, இவ பாரந் தூக்குற போட்டிக்குப் போறா. இவளுக்கும் வந்துருமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். எப்படி மூச்சு விடுகிறாய், எப்படி எடை கூட்டுகிறாய் என்று விசாரித்தார். சாரைப் போலவே பதில் சொன்னார். உறுதி எழுதித் தர முடியாது, ஆனால் அம்மா சுமந்ததற்கும் நான் தூக்குவதற்கும் ரொம்ப தூரம். தசையை இறுக்கி விடும் பயிற்சியையும் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்.

திரும்பும்போது பேருந்தில் அம்மா எந்தப் பக்கமும் சாயாமல் நேராக உட்கார்ந்திருந்தாள். வளையம் வைத்திருக்கிறார்கள். காளவாசல் தாண்டும்போது என் காதருகே, "ஏண்டி, ஒண்ணுமே தொங்கல" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காற்றில் தூசி.

செப்டம்பர் 20, வெள்ளி

பக்கத்துத் தெருவில் பெண்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் சாயங்கால வேலை கிடைத்திருக்கிறது. அம்மா முறைக்கிறாள். முறைக்கட்டும். சாயங்காலப் பயிற்சி போனால் காலையில் பண்ணிக்கொள்கிறேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

அத்தை சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். கூடவே மாப்பிள்ளையின் அம்மா. பூ, பழத்தட்டு. நான் உடற்பயிற்சிக் கூடத்துச் சட்டையில் நின்றிருந்தேன், மாற்றவில்லை.

அந்த அம்மாள் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். காப்பி குடித்தார். அப்புறம், "பொண்ணு பாரந் தூக்குமாமே? எங்களுக்கு இருக்குறது ஒரே பையன். நாளைக்கு வயித்துல ஒண்ணு தங்கணும்ல? கர்ப்பப்பை எறங்கிருச்சுன்னா என்ன பண்றது?" என்றார்.

"அதெல்லாம் விட்டுருவா" என்றாள் அத்தை.

நான் வாயைத் திறந்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். அடுப்படி வாசலில் நின்றிருந்தவள் நடு வீட்டுக்கு வந்தாள்.

"எறங்குனவளப் பாக்கணுமாத்தா? இந்தா நிக்கிறேன், பாத்துக்கங்க."

"ஒச்சம்மா!" என்றாள் அத்தை.

"இருங்க மதினி. கம்பியத் தூக்கி எறங்கல எனக்கு. இவளப் பெத்து மாசம் முடியல, எந்திரிச்சுப் போன்னு நீங்க சொன்னீங்க. சாந்துச்சட்டி சுமந்தேன். அன்னைக்கு எங் கர்ப்பப்பையப் பத்தி ஒருத்தருக்கும் கவலையில்ல. இன்னைக்கு எம் மகளுதப் பத்தி ஊருக்கே கவலை. எம் மக தூக்குவா. ஒங்க பையனுக்கு வேற எடம் பாருங்க. காப்பிய முடிச்சுட்டுப் போங்க, நல்லாத்தான் போட்டுருக்கேன்."

அந்த அம்மாள் காப்பியை முடிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவிடம் "வலிக்குமா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அத்தை தெரு முனை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். நான் கட்டிப் பிடித்ததற்கு, "வேர்வை நாத்தம், போயிக் குளி" என்றாள்.

அக்டோபர் 18, வெள்ளி

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. இரண்டாம் இடம். கடைசி முயற்சியில் கம்பி தலைக்கு மேல் போய்ப் பின்னால் சரிந்துவிட்டது. முதலிடம் வந்தவள் என்னைவிட ஒரு பிடி நன்றாகத் தூக்கினாள், அவ்வளவுதான். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா வந்திருந்தாள். நான் கம்பியைப் பிடித்து மூச்சை இழுக்கும்போதெல்லாம் அவளும் இழுத்தாளாம். சபுரா சொன்னாள்.

நவம்பர் 12, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. கர்ப்பப்பையை எடுத்து, தளத்தைத் தைத்திருக்கிறார்கள். மயக்கம் தெளிந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "நீ சாப்ட்டியா?" இரண்டாவது, "அது எப்படி இருந்துச்சு, பாத்தியா?"

பார்க்கவில்லை என்றேன். "நீ குடியிருந்த எடம்டி, பாத்துருக்கலாம்ல" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

நவம்பர் 25, திங்கள்

தேர்வு. இடுப்புத் தளத் தசைகளின் பணியை விளக்குக, பத்து மதிப்பெண். பையன்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். நான் கூடுதல் தாள் வாங்கினேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

அம்மாவைப் பார்க்க அவளோடு வேலை செய்யும் சித்தாள்கள் வந்தார்கள். ராக்கு அக்கா, தனபாக்கியம் அக்கா, இன்னும் மூன்று பேர். கமலாப்பழம், ரொட்டி. கட்டட வேலை, மேஸ்திரி, மழை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தேநீர் போட எழுந்தேன். ராக்கு அக்கா உதவிக்கு வருகிற மாதிரி அடுப்படிக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"ஜோதி, ஒங்கம்மாவுக்கு வந்தது... இருமுனா வருமாமே?"

"ஆமாக்கா."

"குந்துனாலும் வருமா?"

அடுப்பை அணைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் டீத்தூள் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேநீர் கொண்டுபோவதற்குள் தனபாக்கியம் அக்காவும் வந்துவிட்டார். அப்புறம் அம்மாவே கூப்பிட்டாள். "ஆளுக்காளு அடுப்படிக்குள்ள போயி என்னடி குசுகுசுன்னு? எல்லாரும் இங்க வாங்க. இவ சொல்லித் தருவா. உக்காந்தபடியே செய்யலாம். வெளிய ஒருத்தனுக்கும் தெரியாது."

ஐந்து பேரைச் சுவரோரம் உட்கார வைத்து மூச்சையும் பிடிப்பையும் சொல்லிக்கொடுத்தேன். பெட்டிப் படத்தைத் தரையில் வரைந்தேன். தூளி என்றதும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பயிற்சி மட்டும் போதாது, புதன்கிழமை அம்மாவுக்கு மறுபரிசோதனை, எல்லோரும் கூட வாருங்கள் என்றேன். ஒரு நாள் வேலை போகுமே என்று ஒருவர் இழுத்தார். "போகட்டும்" என்றார் ராக்கு அக்கா.

டிசம்பர் 11, புதன்

ஐந்து பேர் என்று போனால் பேருந்து நிறுத்தத்தில் ஒன்பது பேர் நின்றார்கள். அதில் ஓரமாக மொக்கத்தாய் அத்தை. "ஒச்சம்மாவுக்குத் துணைக்கு வந்தேன்" என்று என் பக்கம் பார்க்காமல் சொன்னாள். பேருந்தில் அம்மா நகர்ந்து தன் பக்கத்தில் இடம் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வரிசையில் அத்தையும் நின்றாள். துணைக்கு வந்தவருக்குச் சீட்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நீள வரிசை. பின்னால் ஆண்கள், பிள்ளைகள், கட்டுப் போட்ட கை, காய்ச்சல். சீட்டு எழுதுகிறவர் குனிந்தபடியே, "பேரு? வயசு? என்ன செய்யுது?" என்றார்.

ராக்கு அக்காதான் முதல். பேர் சொன்னார், வயது சொன்னார். என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வரவில்லை. பின்னால் நிற்கும் ஆண்களைத் திரும்பிப் பார்த்தார்.

"சத்தமாச் சொல்லுங்கம்மா. வயித்துவலியா? மூட்டு வலியா?"

ராக்கு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "வயித்து வலின்னே எழுதிக்க" என்று அத்தை கிசுகிசுத்தாள்.

நான் முன்னால் போவதற்குள் அம்மா போய்விட்டாள். ஆபரேஷன் ஆகி நாலு வாரம், மெதுவாகத்தான் நடந்தாள். இரண்டு கையும் வீசி நடந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கட்டடத்தில் நாலாவது மாடிக்குக் குரல் கொடுக்கிற மாதிரி சொன்னாள்.

"கர்ப்பப்பை எறக்கம். இந்தா நிக்கிறாங்க ஒம்போது பேரு. எல்லாருக்கும் அதையே எழுதுங்கய்யா."

எழுதுகிறவர் முதல்முறையாக நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"எல்லாரும் ஒரே குடும்பமாம்மா?"

"இல்லய்யா" என்றாள் அம்மா. "சேந்து சுமந்தவங்க. எழுதுங்க."

எழுதினார்.